விவிடி எஞ்சின்: ஆயிலை விட்டுவிட்டு சென்சாரை மாற்றும் கதை

சிக்னலில் நின்றால் கார் நடுங்குகிறது, ஏசி போட்டால் அணைந்தே விடுகிறது என்று மாமா போன வருடம் புலம்பிக்கொண்டிருந்தார். 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 70,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை. முதலில் போன மெக்கானிக் ஷெட்டில் ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். அடுத்த இடத்தில் த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள். மூன்றாவது இடத்தில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, பி0011 என்று கோளாறு எண் வந்ததும் கேம்ஷாஃப்ட் சென்சாரை மாற்றினார்கள். பில் மூன்றாகிவிட்டது, நடுக்கம் அப்படியே இருந்தது. கடைசியில் சிக்கியது, விரல் நீள வால்வு ஒன்றின் வலையில் அடைத்துக்கொண்டிருந்த சிலிக்கான் பேஸ்ட் துணுக்கு. மிளகு அளவுதான் இருக்கும்.

அது அங்கே எப்படிப் போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். மூன்று இடத்திலும் ஏன் தவறான பொருளை மாற்றினார்கள் என்று புரிய, விவிடி, அதாவது வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் ஏற்பாடு (வேரியபிள் வால்வ் டைமிங்), எதற்காக இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் க்ராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். பாடப்புத்தகப் படத்தில் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறக்கும், அடிக்குப் போனதும் மூடும். நிஜத்தில் அப்படி அமைத்தால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) பிஸ்டன் உச்சியிலிருந்து அடிக்கு வர 5 மில்லிசெகண்ட்தான் ஆகும். காற்றுக்கும் எடை உண்டு. வால்வு திறந்த மாத்திரத்தில் ஓடி வந்துவிடாது, ஓடத் தொடங்கிவிட்டால் சட்டென்று நிற்கவும் நிற்காது. அதனால் இன்டேக் வால்வைச் சற்று முன்னதாகவே திறந்து, பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே வைப்பார்கள். வந்த வேகத்திலேயே காற்று நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே ஏறிவிடும்.

வேகம் குறைவாக இருக்கும்போது இதே ஏற்பாடு காலை வாரும். காற்றுக்கு அந்த ஓட்டம் இருக்காது. தாமதமாக மூடினால் உள்ளே வந்ததைப் பிஸ்டனே வெளியே தள்ளிவிடும். ஐடிலில், அதாவது கார் நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, இன்னொரு தொல்லையும் உண்டு. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிப்பதற்குள் இன்டேக் வால்வு திறந்துகொள்ளும் அந்தச் சின்ன இடைவெளியை ஓவர்லேப் என்பார்கள். ஐடிலில் காற்று வரும் வழியில் உள்ள த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் இன்டேக் பக்கம் உறிஞ்சு சக்தி அதிகம். ஓவர்லேப் அதிகமாக இருந்தால் எரிந்த புகையே திரும்ப உள்ளே இழுபடும். புகை கலந்த கலவை சரியாகப் பற்றாது, எஞ்சின் நடுங்கும். ஆனால் நிதானமாக ஓடும்போது அதே புகை நல்லது செய்யும். எஞ்சின் காற்றை இழுக்கப் படும் பாடு குறையும், மைலேஜ் கூடும்.

ஆக, எல்லா வேகத்துக்கும் பொருந்தும் ஒரே நேரக்கணக்கு கிடையாது. விவிடி ஓடும்போதே கணக்கை மாற்றுகிறது. கேம்ஷாஃப்டின் முனையில் இருக்கும் பல்சக்கரத்துக்குள் ஃபேசர் என்று ஒன்று இருக்கும். வெளிக்கூட்டை க்ராங்கோடு இணைந்த டைமிங் செயின் சுழற்றும். உள்ளே இறக்கை வைத்த ரோட்டார் கேம்ஷாஃப்டோடு இறுகியிருக்கும். இறக்கையின் ஒரு பக்கம் எஞ்சின் ஆயிலை அழுத்தத்தோடு விட்டால் கேம்ஷாஃப்ட் கொஞ்சம் முன்னே திரும்பும், மறுபக்கம் விட்டால் பின்னே வரும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பதைப் பிரித்து விடுவது ஓசிவி என்கிற ஆயில் கன்ட்ரோல் வால்வு. எஞ்சினின் கணினியான இசியு அதற்கு விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பும். கேம் எங்கே நிற்கிறது என்று கேம் சென்சார் பார்த்துச் சொல்லும். எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒரு லாக் பின் ரோட்டாரைப் பூட்டி வைத்திருக்கும். இன்டேக் பக்கம் பெரும்பாலும் தாமத நிலையில், அதாவது ஓவர்லேப் குறைவாக இருக்கும் நிலையில் பூட்டும். கட்டளை மின்சாரத்தில் போகிறது, கேமைத் திருப்புவது ஆயில். இதை மறந்தால்தான் மேலே சொன்ன மூன்று பில்லும் வரும். (சில புதிய எஞ்சின்களில் ஃபேசரை மோட்டாரே திருப்புகிறது. இங்கே பேசுவது நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களைப் பற்றி.)

பெயரைப் பார்த்து ஏமாறுவது

‘என் கார் விவிடி, ஆனால் எத்தனை ஆர்பிஎம்மில் கிளம்புகிறது என்றே தெரியவில்லை’ என்று ஒருவர் ஆதங்கப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு கிளம்பல் அவர் காரில் இல்லவே இல்லை. 1980-இல் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடரில் வந்த முதல் அமைப்புக்கு இரண்டே நிலைகள், இங்கே அல்லது அங்கே. 1989-இல் ஹோண்டா இன்டெக்ராவில் வந்த விடெக் வேறு ஜாதி. அது கேமைத் திருப்பவில்லை, குறிப்பிட்ட வேகத்தில் உயரமான வேறு கேம் முனைக்கே தாவியது. வால்வு திறக்கும் உயரமும் கால அளவும் சேர்ந்தே மாறின. அந்தத் தாவலின் புகழ்தான் எல்லா விவிடி மீதும் ஒட்டிக்கொண்டது. ஹோண்டாவின் சின்ன எஞ்சின்களில் ஐ-விடெக் என்று எழுதியிருந்தாலும், 2020-க்கு முந்தைய 1.5 லிட்டர் சிட்டி எஞ்சின் உட்படப் பலவற்றில் ஃபேசர் கிடையாது.

மாருதியின் விவிடி, டொயோட்டாவின் விவிடி-ஐ, 2010-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஐ10-இன் கப்பா எஞ்சினில் ஹூண்டாய் போட்ட விடிவிடி எல்லாம் ஃபேசர் வகை. வால்வு 20 டிகிரி முன்னே திறந்தால் 20 டிகிரி முன்னே மூடியும் விடும். உயரமும் மாறாது, திறந்திருக்கும் கால அளவும் மாறாது, மொத்தமாக நகரும், அவ்வளவுதான். நொடிக்கு நொடி நகர்ந்துகொண்டே இருப்பதால் சீட்டில் உட்கார்ந்தவருக்குத் தெரியாது. தெரிந்தால்தான் கோளாறு. டூயல் என்று எழுதியிருந்தால் எக்ஸாஸ்ட் கேமுக்கும் ஒரு ஃபேசர், அதற்கும் ஓர் ஓசிவி. பார்க்க வேண்டிய பொருள் இரட்டிப்பு.

கெட்டியான ஆயில் நல்லது என்ற நம்பிக்கை

விவிடி கெடுவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். ‘நம்ம ஊர் வெயிலுக்கு 0டபிள்யூ-20 எல்லாம் தண்ணி மாதிரி ஓடிடும் சார், 20டபிள்யூ-50 ஊத்துங்க, எஞ்சின் சத்தமே இருக்காது.’ (இந்த எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை; எண் கூடினால் ஆயில் கெட்டி.) கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சூடேறிய எஞ்சினுக்கு வேலூரும் ஊட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டைத் தெர்மோஸ்டாட் 90 டிகிரி அக்கம்பக்கத்தில் பிடித்து வைத்திருக்கும். வெளியே 40 டிகிரி வெயில் என்பதால் ஆயில் கூழாகவோ நீராகவோ மாறிவிடாது.

ஓசிவியின் துளைகளும் ஃபேசருக்குள் போகும் வழிகளும் மிக ஒடுக்கமானவை. இவ்வளவு மில்லிசெகண்ட் துடிப்பு கொடுத்தால் இவ்வளவு டிகிரி நகரும் என்று இசியு வைத்திருக்கும் கணக்கு, கம்பெனி சொன்ன ஆயிலை நம்பிப் போட்டது. கெட்டியான ஆயிலை ஊற்றினால் ஃபேசர் சோம்பலாக நகரும். இசியு கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. கொஞ்ச நாளில் செக் எஞ்சின் விளக்கு எரியும், எந்த உதிரிபாகமும் கெட்டிருக்காது. ஓனர்ஸ் மேனுவலில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். இப்போது வரும் கார்களில் 0டபிள்யூ-16 வரை இறங்கிவிட்டார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆயில் மாற்றும் கெடுவிலும் இதே கதை. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முன்னால் வருகிறதோ அது என்று மேனுவலில் இருக்கும். வருடத்துக்கு 3,000 ஓட்டுகிறவர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு மூன்று வருடம் இழுப்பார். கடைக்கும் கோயிலுக்குமாக ஓடும் கார் முழுதாகச் சூடேறுவதே இல்லை. பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் தங்கிப் பிசினாகும். அந்தப் பிசின் முதலில் அடைப்பது ஓசிவியின் வலையை. அது டீ வடிகட்டியைவிட நுண்ணியது. அப்புறம் ‘எஞ்சின் ஃப்ளஷ்’ ஊற்றிக் கழுவலாம் என்று ஒரு யோசனை வரும். பிசின் பல வருடம் படிந்த எஞ்சினில் அதைச் செய்தால் அழுக்கு கட்டியாகப் பெயர்ந்து நேரே அங்கேதான் போய் உட்காரும். நல்ல ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் இரண்டு முறை மாற்றுவது மெதுவான வைத்தியம், ஆனால் பாதுகாப்பானது.

ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் இருப்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். ஆயில் அளவு மிகவும் இறங்கிவிட்டால், ஓசிவியும் ஃபேசரும் நன்றாக இருந்தும் அழுத்தம் போதாது.

ஸ்கேனர் சொன்னதைத் தப்பாகப் படிப்பது

பி0011 என்றால் இன்டேக் கேம் கேட்டதைவிட அதிகமாக முன்னே நிற்கிறது, பி0012 என்றால் பின்னே நிற்கிறது என்று அர்த்தம். சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சென்சார் உள்ளதை உள்ளபடி சொன்னதால்தான் இந்த எண்ணே வந்தது. சென்சார் இணைப்பிலேயே கோளாறு என்றால் பி0340 மாதிரி வேறு எண் வரும். மாமாவின் மூன்றாவது மெக்கானிக் சறுக்கியது இங்கேதான். எண்ணுக்குக் கீழே ‘கேம்ஷாஃப்ட் பொசிஷன்’ என்று எழுதியிருந்தது, அவரும் அந்தப் பெயருள்ள பொருளை மாற்றிவிட்டார்.

காரின் நடத்தையே பாதி சொல்லிவிடும். ஃபேசர் முன்னே போய் மாட்டிக்கொண்டால் ஓவர்லேப் அதிகம்: ஐடில் நடுங்கும், சிக்னலில் அணையும், ஓட ஆரம்பித்தால் ஒன்றும் தெரியாது. பின்னே மாட்டிக்கொண்டால் ஐடில் அமைதியாக இருக்கும், பிக்கப் செத்திருக்கும், மைலேஜ் குறையும். மாமா கார் முதல் வகை.

முதலில் ஆயிலின் அளவு, கிரேடு, வயது பாருங்கள். அடுத்து ஓசிவியைக் கழற்றி வலையைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் மின்காயிலின் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 7 ஓம் அக்கம்பக்கத்தில் இருக்கும். பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் உள்ளே இருக்கும் தண்டு டக் டக்கென்று நகர வேண்டும். தொட்டுத் தொட்டு என்பதைக் கவனியுங்கள். நன்றாகத் தெரியட்டும் என்று வயரைப் பிடித்தபடி நின்றால் காயில் கருகிவிடும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் செலவு அதிகமான ஃபேசர் பக்கம் போக வேண்டும்.

மாமா காரில் வலையைப் பார்த்ததுமே விஷயம் முடிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஓசிவி உட்காரும் இடத்தில் ஆயில் கசிந்திருக்கிறது. அதன் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) சில்லறைக் காசு. அதை மாற்றாமல் சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பிச் செருகியிருக்கிறார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்தாயிற்று. உள்ளே பிதுங்கியதை யார் பார்ப்பது? அது காய்ந்து, பிய்ந்து, வலையில் போய் ஒட்டிக்கொண்டது. வலையைச் சுத்தம் செய்து புது ஓ-ரிங் போட்டதோடு சரி.

செயின் வேலையில் ஒரு பல்

பி0016 வந்தால் க்ராங்குக்கும் கேமுக்கும் பொருத்தம் தப்பிவிட்டது. செயின் நீண்டிருக்கலாம், அல்லது அண்மையில் யாரோ செயின் மாற்றியிருக்கலாம். கேம் சக்கரத்தில் 36 பல் என்றால் ஒரு பல் தவறினால் கேம் 10 டிகிரி, க்ராங்க் கணக்கில் 20 டிகிரி தள்ளி நிற்கும். நிறையத் தவறினால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும்.

விவிடி எஞ்சினில் செயின் மாட்டுகிறவர்கள் விடும் தனித் தவறு ஒன்று உண்டு. ஃபேசரின் லாக் பின் பூட்டியிருக்கிறதா என்று பார்க்காமலே சக்கரத்தின் அடையாளக் கோட்டைப் பொருத்திவிடுவார்கள். கோடு சரியாக இருக்கும், உள்ளே கேம்ஷாஃப்ட் வேறு கோணத்தில் இருக்கும். நடு போல்ட்டைத் தவிர ஃபேசர் முகப்பில் உள்ள சின்ன போல்ட்களைத் தொடக் கூடாது. அவை உள் அறைகளை மூடி வைத்திருப்பவை. நடு போல்ட்டையும் இம்பாக்ட் கன்னால் அடிக்காமல், கேம்ஷாஃப்டின் அறுகோணப் பகுதியை ஸ்பேனரில் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி ‘கடகட’ என்று கேட்டு அடங்குவதைச் சிலர் ‘பெட்ரோல் எஞ்சின் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். தேய்ந்த லாக் பின் பூட்டாமல், ஆயில் வந்து சேரும்வரை ரோட்டார் கூட்டுக்குள் அடித்துக்கொள்ளும் சத்தமாக அது இருக்கலாம். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் அப்படிக் கத்தும். விலை மலிவான ஆயில் ஃபில்டரும் காரணமாகலாம். அதில் ஆயிலைத் திரும்ப வடியவிடாத ரப்பர் வால்வு சரியில்லை என்றால் இரவு முழுக்க வழிகள் காலியாகிவிடும். ஃபில்டரை மாற்றிப் பார்ப்பதுதான் இதில் செலவு குறைந்த சோதனை, அதனால் அதிலிருந்து தொடங்குங்கள்.

பழைய கார் வாங்கும்போது இந்தச் சத்தத்தைக் கேட்க ஒரே வாய்ப்புதான் கிடைக்கும். ‘வண்டியை ரெடியா ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன் சார்’ என்று விற்பவர் சொன்னால், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். மறுநாள் காலை சொல்லாமல் போய், பானட்டில் கை வைத்து, ஜில்லென்று இருந்தால் மட்டும் சாவியைக் கேளுங்கள்.