தரையில் சொட்டு இல்லை, கூலண்ட் மட்டும் குறைகிறது: பழைய காரில் எங்கே தேடுவது

முதலில் கண்ணளவில் ஊற்றுவதை நிறுத்துங்கள். காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, ரிசர்வ் டேங்கில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் மட்டம் வைத்து, அங்கே மார்க்கரால் ஒரு கீறல் போடுங்கள். அதன்பின் எப்போது ஊற்றினாலும் எத்தனை மில்லி, எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதி வையுங்கள். ரேடியேட்டரில் குறைந்தது எவ்வளவு, டேங்கில் குறைந்தது எவ்வளவு என்பதைத் தனித்தனியாகக் குறியுங்கள். பாதி விடை இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலேயே வந்துவிடும்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கத்துக்கு வரும் மேல் ஹோஸைச் சுடாமல் கையால் அழுத்த முடிகிறவரை காத்திருங்கள்.

ரேடியேட்டரில் குறைந்திருக்கிறது, டேங்கில் மட்டம் அப்படியே இருக்கிறது அல்லது ஏறியிருக்கிறது என்றால் சந்தேகம் மூடியின் மேல்தான். மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. பெரியது அழுத்தம் மிஞ்சினால் கூலண்டை டேங்குக்குத் தள்ளும். நடுவில் உள்ள சின்னது, இன்ஜின் ஆறும்போது அதைத் திரும்ப உள்ளே இழுக்க வழிவிடும். சின்ன வால்வில் உப்புப் படிந்து இறுகினால் போனது திரும்பாது. காலையில் மேல் ஹோஸ் உறிஞ்சின மாதிரி சப்பையாகக் கிடக்கும். கழுத்துக்கும் டேங்குக்கும் நடுவே போகும் சின்ன டியூபில் வெடிப்பு இருந்தாலும் கூலண்டுக்குப் பதில் காற்றை இழுக்கும், ஆனால் அப்போது ஹோஸ் சப்பையாகாது. அந்த டியூபை வளைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

பெரிய வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் கதை வேறு. மூடியில் 0.9 (பார்) என்று அடித்திருந்தால், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 119 டிகிரி வரை கொதிக்காது. அழுத்தம் நிற்காவிட்டால் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் திறப்பதே 82 முதல் 88 டிகிரியில் என்பதால் நடுவில் இடமே இல்லை. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. சேலத்திலிருந்து ஓசூர் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஏசி போட்டு ஏறினால் டேங்க் வழியாக வழிந்து போகும். அதனால் எதையும் கழற்றும் முன் அதே அழுத்த எண் கொண்ட புது மூடி வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதிக எண் போடுவது நல்லதல்ல, பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் தாங்காது.

இரண்டிலும் குறைகிறது என்றால் கசிவு. இரவில் காருக்கு அடியில் பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். காலையில் ஈரம் விழுந்த இடம் வழி சொல்லும். முன்னால் என்றால் ரேடியேட்டர், பெல்ட் பக்கம் என்றால் வாட்டர் பம்ப், பின்னால் என்றால் ஹீட்டர் ஹோஸ் அல்லது இன்ஜின் பிளாக்கில் துளையை மூடியிருக்கும் கோர் பிளக் என்ற தகடு. ஏசி தண்ணீரைக் கசிவு என்று நினைத்து ஏமாற வேண்டாம். அது வாசனையோ வழவழப்போ இல்லாமல் விரலில் சட்டென்று காயும்.

அட்டை காய்ந்தே இருந்தால், கசிவது சூட்டில் மட்டும்தான். தரைக்கு வருமுன் ஆவியாகிவிடுகிறது. அப்போது தடம் தேடுங்கள். கூலண்ட் காய்ந்தால் பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் பொருக்கு நிற்கும். நம் பக்கத்து போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு நிற்கும். டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய இடங்கள்: ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பு, ஹோஸை இறுக்கும் ஒவ்வொரு கிளிப்புக்கும் அடியில், வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்னத் துளை. அந்தத் துளையில் கோடு இறங்கியிருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. துளையை அடைப்பது வைத்தியமல்ல. பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும் வண்டி என்றால் நனைந்த பெல்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

மார்கழிக் குளிரில் மட்டும் சொட்டி, சூடானதும் நின்றால் கிளிப்தான். ஸ்குரூ கிளிப்பை ஓங்கி முறுக்கினால் ரப்பரை அறுத்துவிடும்.

காருக்குள்ளும் பாருங்கள். இங்கே ஹீட்டரை யாரும் போடுவதில்லை, ஆனால் பல பழைய மாடல்களில் கூலண்ட் அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் கார்பெட் பிசுபிசுப்பாக ஈரமாவது, கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் வருவது, இனித்த வாசனை எல்லாம் ஹீட்டர் கோரில் (டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) ஓட்டை என்பதன் அடையாளம்.

இதிலும் கிடைக்கவில்லை என்றால் ரேடியேட்டர் ஷாப்பில் மூடிக்குப் பதில் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் பிரஷர் டெஸ்டர் மாட்டச் சொல்லுங்கள். மூடியில் உள்ள எண் அளவுக்கு மட்டும் அடித்து 15 நிமிடம் விட வேண்டும். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை, கார்பெட்டும் காய்ந்திருக்கிறது என்றால் கூலண்ட் இன்ஜினுக்குள் போகிறது.

அதற்காக ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்) போய்விட்டது என்று தீர்ப்பு எழுத அவசரப்பட வேண்டாம். ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி படிவதைப் பார்த்ததும் பலர் ஹெட்டைக் கழற்றச் சொல்வார்கள். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தும் வண்டியில் வெறும் ஈரப்பதமே அப்படிப் படியும். டிப் ஸ்டிக்கிலும் ஆயில் வெளுத்து, மட்டமும் ஏறியிருந்தால்தான் கவலை. அப்போது வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள்.

சரியான சோதனை இது. ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து கழுத்து வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நாலைந்து குமிழ் வந்து நின்றால் தேங்கிய காற்று. ரேஸ் கொடுக்கக் கொடுக்க விடாமல் பொங்கினால் சிலிண்டர் வாயு. இரவு முழுக்க ஆறிய பிறகும் காலையில் மேல் ஹோஸ் கல் மாதிரி இருப்பதும் அதே அர்த்தம். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். தண்ணீர் போகும் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவி வைத்தது போல் இருக்கும். உறுதிக்கு நீல திரவ டெஸ்டர் இருக்கிறது: பெட்ரோல் புகை பட்டால் மஞ்சளாக மாறும், டீசலில் பச்சையாகும்.

ஓட்டையை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் பழக்கம் உண்டு. வழியில் சிக்கினால் பட்டறைவரை வர உதவும். அதையே மாதக்கணக்கில் விட்டால் ஓட்டையை விட ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களைத்தான் முதலில் அடைக்கும்.

பழுது பார்த்தபின் போர் தண்ணீர் வேண்டாம்; அதிலுள்ள உப்புதான் வால்வையும் குழாயையும் இறுக்கியது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பாதி, கூலண்ட் பாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி, ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விட்டு நிரப்புங்கள். முதல் இரண்டு நாளில் கொஞ்சம் குறைவது உள்ளே நின்ற காற்று வெளியேறுவதால். மூன்றாம் நாளும் கீறலுக்குக் கீழே போனால் அட்டையை மறுபடி விரிக்க வேண்டியதுதான்.