சிஸ்கோ கட்டளை வரியில் கைக்குப் பழக வேண்டிய விசைகள்

கணினி வலையமைப்புகளை இணைக்கும் சிஸ்கோ ஸ்விட்ச் அல்லது ரூட்டருக்குள், நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிள் வழியாகவோ, தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் எஸ்எஸ்எச் மூலமாகவோ நுழைந்ததும், சாதனத்தின் பெயரை ஒட்டி நிற்கும் குறியை முதலில் பார்க்க வேண்டும். > என்றிருந்தால் சில விவரங்களைப் பார்வையிட மட்டுமே அனுமதி உண்டு. எனேபிள் என்று அடித்துக் கடவுச்சொல் கொடுத்தபின் அது # ஆக மாறும்; அங்கிருந்து கான்ஃபிகர் டெர்மினல் கொடுத்தால், பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் கான்ஃபிக் என்ற சொல் தோன்றும்.

கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கேள்விக்குறியைக் கேட்கத் தெரிந்தால் போதும். சி, ஓ, என் ஆகிய மூன்று எழுத்துகளை அடித்து இடைவெளி விடாமல் ? அழுத்தினால், அவ்வெழுத்துகளில் தொடங்கும் கான்ஃபிகர், கனெக்ட் போன்ற கட்டளைகள் காட்டப்படும். கான்ஃபிகர் என முழுதாக அடித்து, ஓர் இடைவெளி விட்டு ? அழுத்தினாலோ, அக்கட்டளைக்குப் பின் என்னென்ன வரலாம் என்ற பட்டியல் கிடைக்கும். வேறொரு கட்டளையோடு குழப்பம் வராத அளவுக்கு எழுத்துகள் இருந்தால் சுருக்கமும் செல்லும் என்பதால், கான்ஃப் டி என்பது ஏற்கப்படும். முதல் மூன்று எழுத்தோடு நிறுத்தினால் சாதனம் மறுத்துவிடும். ஐயமிருந்தால் டேப் விசை சொல்லை நிரப்பித் தரும்.

திருத்தும் விசைகளில் கன்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்திற்கும், கன்ட்ரோல்-இ முடிவிற்கும் கர்சரைக் கொண்டு செல்லும். கன்ட்ரோல்-டபிள்யூ இடப்பக்கச் சொல்லை அழிக்கும். இவற்றின் அருமை ஒரு கட்டளையைத் திரும்பப் பெறும்போது தெரியும். தரவு செல்லும் வழியைக் குறிக்க, ஐபி ரூட் எனத் தொடங்கும் நீண்ட வரியில் அடுத்த ரூட்டரின் முகவரி தவறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மேல் அம்புக்குறியால் அவ்வரியை வரவழைத்து, கன்ட்ரோல்-ஏ அழுத்தி, முன்னால் நோ என்ற சொல்லையும் ஓர் இடைவெளியையும் சேர்த்து எண்டர் தட்டினால் அது நீங்கிவிடும். பிறகு மேல் அம்புக்குறியை இருமுறை அழுத்தினால் பழைய வரி வரும். முகவரியை மட்டும் திருத்திக்கொள்ளலாம். வழக்கமாக 10 கட்டளைகளே நினைவில் நிற்கும். டெர்மினல் ஹிஸ்டரி சைஸ் கட்டளையால் அதை 256 வரை உயர்த்தலாம்.

கன்ட்ரோல்-இசட் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். கான்ஃபிக் நிலையிலிருந்து வெளியேற எல்லோரும் அழுத்தும் விசை இது. ஆனால் வரியில் முழுமையான கட்டளை ஒன்று அடித்து நிற்கும்போது இதை அழுத்தினால், சாதனம் அதை நிறைவேற்றிவிட்டே வெளியேறும். ஓர் இணைப்பு முனையை முடக்கும் ஷட்டவுன் கட்டளையை அடித்தபின் மனம் மாறியவர் அழுத்த வேண்டியது கன்ட்ரோல்-சி. அது வரியைக் கைவிட்டு வெளியேறும்.

இணைப்பைச் சோதிக்கும் பிங் அல்லது வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் முடியாமல் நீண்டால் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-6 அதை நிறுத்தும். பிழையாக அடித்த சொல்லைச் சாதனம் ஏதோ கணினியின் பெயரென்று எண்ணித் தேடிக்கொண்டிருக்கும்போதும் இதுவே கைகொடுக்கும். அந்தத் தேடலை அடியோடு தவிர்க்கப் பலர் நோ ஐபி டொமைன்-லுக்கப் கொடுப்பார்கள். பெயர் தேடும் வசதி முழுவதையும் இழக்காமலிருக்க, லைன் அமைப்பில் (கன்சோல், எஸ்எஸ்எச் போன்ற நுழைவழிகளுக்கான அமைப்பு) ட்ரான்ஸ்போர்ட் ப்ரிஃபர்டு நன் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து. அங்கேயே லாகிங் சிங்க்ரனஸ் சேர்த்துவிட்டால், அடித்துக்கொண்டிருக்கும் வரியைச் சாதனம் தானாகக் காட்டும் செய்திகள் குறுக்கே வெட்டாது.

இப்போது இயங்கும் அமைப்பைக் காட்டும் ஷோ ரன்னிங்-கான்ஃபிக் கட்டளையின் வெளியீடு பக்கம் பக்கமாக ஓடும். அதன் பின் | குறியிட்டு இன்க்ளூட் என்றும் தேடும் சொல்லையும் அடித்தால், பொருந்தும் வரிகள் மட்டும் வரும். கான்ஃபிக் நிலையில் இருந்துகொண்டே பார்க்க, ஷோவுக்கு முன் டூ சேர்த்தால் போதும்.

தொலைவிலுள்ள சாதனத்தில், நம் இணைப்பையே அறுக்கக்கூடிய மாற்றத்தைச் செய்யுமுன் ரீலோட் இன் 10 கொடுத்துவிடுவது நல்லது. இணைப்பு அறுந்தால், 10 நிமிடத்தில் சாதனம் மறுதொடக்கமாகிச் சேமித்து வைத்த பழைய அமைப்போடு எழும். ஏற்கெனவே செய்த மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்டால், அவை தேவையானவையா என்று பார்த்தே பதில் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ரீலோட் கேன்சல் கொடுத்துவிட்டு, அதன் பிறகே மாற்றங்களைச் சேமிக்கும் காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் கொடுக்க வேண்டும்.