கேட்வேயைக் கீழே வைத்துவிட்டு ஆன்டெனாவை மட்டும் மேலே ஏற்றாதீர்கள்

போன மாதம் பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். "முப்பது அடி பைப் நட்டும் அடுத்த தோட்டத்து சென்சார்கூட வரலீங்கண்ணா" என்றார் லோரா கேட்வே வைத்திருந்த தம்பி. லோரா என்பது குறைந்த கரண்டில் வெகுதூரம் போகும் ரேடியோ முறை, சென்சார்கள் அதில் அனுப்புவதை வாங்கி இன்டர்நெட்டுக்குக் கொடுக்கும் பெட்டிதான் கேட்வே. மோட்டார் ரூமுக்குள் போனால் கேட்வே சுவரில் தொங்குகிறது. அதிலிருந்து ஆன்டெனாவுக்கு மெல்லிய கறுப்புக் கேபிள் 20 மீட்டர், அதிலும் மிச்சமானதைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருக்கிறார். நான் ஆரம்பத்தில் செய்த அதே தப்பு. கனெக்டரை இறுக்கமாகத் திருகுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அதனால் நேராக இதற்கே வருகிறேன்.

மெல்லிய நீளக் கேபிள்

நம் ஊரில் லோரா ஓடுவது 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில். அங்கே ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் மீட்டருக்குச் சுமார் அரை டெசிபெல் சிக்னலைத் தின்றுவிடும். 20 மீட்டர் என்றால் 10 டெசிபெல், அதாவது இந்த முனையில் விட்டதில் பத்தில் ஒரு பங்குதான் அந்த முனைக்குப் போய்ச் சேரும். பேட்டரியில் ஓடும் சென்சார் தொலைவிலிருந்து அனுப்பும் சிக்னல், ஆன்டெனா வரை நன்றாகவே வந்து, பைப்பில் இறங்கும்போது செத்துப்போகிறது.

காவேரிப்பட்டணத்தில் ஒரு மாந்தோப்பில் இது புரியாமல் நான் பட்டது கொஞ்சமில்லை. சிக்னல் வரவில்லை என்று பெரிய ஆன்டெனா வாங்கினேன். அப்புறம் பைப்பை இன்னும் பத்தடி உயர்த்தினேன், அதற்காகக் கேபிளில் மூன்று மீட்டர் ஒட்டுப்போட்டேன், உயரத்தில் கிடைத்ததைக் கேபிளும் ஒட்டும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டன. காய் பெருக்கும் சித்திரை மாதத்தில் மண் ஈரம் காட்டாமல் போய், தோப்புக்காரப் பெரியவர் பழையபடி ராத்திரியில் டார்ச்சோடு வாய்க்கால் பார்க்கப் போனார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் அதற்கான தீர்வு அவ்வளவு எளிது.

கேட்வேயையே மேலே ஏற்றுங்கள். மழை புகாத பெட்டியில், ஆன்டெனாவுக்கு அடியிலேயே வைத்து, அரை மீட்டர் கேபிளில் இணையுங்கள். கீழே இறங்க வேண்டியது லேன் கேபிள். பிஓஇ, அதாவது லேன் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும் வசதி இருந்தால் கரண்டும் அதிலேயே ஏறிவிடும், 100 மீட்டர் வரை கவலையில்லை. வெயிலுக்குத் தாங்கும் வெளிப்புற லேன் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். மேலே வைக்கவே முடியாது என்றால் இழப்பு குறைவான எல்எம்ஆர்-400 கேபிள் போடுங்கள், அதே 20 மீட்டருக்கு இரண்டரை டெசிபெல் அளவில் நிற்கும். ஆனால் அது தடித்த, வளையாத கேபிள். அதன் பாரத்தைக் கேட்வேயின் சின்ன எஸ்எம்ஏ கனெக்டர்மேல் தொங்கவிட்டால் போர்டே பெயர்ந்து வரும், நடுவில் ஒரு சிறு மெல்லிய துண்டு கொடுங்கள்.

பாலக்கோட்டுத் தம்பியும் அன்று சாயங்காலமே கேட்வேயை மேலே ஏற்றினார். அடுத்த தோட்டமும் அதற்கடுத்ததும் வந்தன.

எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ குழப்பம்

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வகைக் கனெக்டர்கள் இவை, ஆர்பி-எஸ்எம்ஏவில் நடு ஊசியும் ஓட்டையும் இடம் மாறியிருக்கும். இரண்டும் ஒன்றில் ஒன்று திருகிக்கொள்ளும். நடு ஊசி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இரண்டு பக்கமும் ஓட்டை என்றால் உள்ளே எதுவும் தொடவில்லை.

தண்ணீர்

வெளியே ஆன்டெனாவில் இருக்கும் என்-டைப் என்ற பெரிய கனெக்டர் இணைப்பில் சாதாரண இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் ஒரு கோடையில் உரிந்துவிடும். இழுத்துச் சுற்றினால் தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் போட்டு, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பசை வேண்டாம், அது செம்பை அரிக்கும். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி

சித்திரை, வைகாசி மழை இடியோடுதான் வரும். இடியின் மின்சாரத்தை மண்ணுக்குத் திருப்பும் அரெஸ்டர் வாங்கி மாட்டிவிட்டு எர்த் கொடுக்காமல் விட்டால் அதனால் பயனில்லை. தடித்த ஒயர், வளைக்காமல், கிட்டத்திலேயே எர்த் கம்பி. லேன் பக்கமும் ஒன்று வேண்டும்.

ஆன்டெனா மாட்டாமல் ஆன் செய்வது

கூடவே கூடாது. அனுப்பும் பகுதி எரிந்துபோகலாம்.

போர்டில் இருக்கும் ஐபெக்ஸ் கனெக்டர்

ஆன்டெனா ஒயரை போர்டில் அழுத்தி மாட்டும் பொடிக் கனெக்டர் இது. சுமார் 30 தடவை கழற்றி மாட்டினால் தாங்கும் அளவுக்குத்தான் அது செய்யப்பட்டது. ஒருமுறை மாட்டி அப்படியே விடுங்கள்.