கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலையா? போவதற்கு முன்பும் போய் இறங்கியதும் செய்ய வேண்டியவை

கொரியாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது வகுப்பறையைப் பற்றித்தான். பிள்ளைகள் சொன்னதைக் கேட்பார்களா, கொரியன் தெரியாமல் எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம். அது இரண்டு மாதத்தில் பழகிவிடும். உங்கள் வருடம் நல்லபடியாகப் போகுமா என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, குடியிருப்பு அட்டை எப்போது கைக்கு வருகிறது, அதில் உங்கள் பெயர் எப்படி அச்சாகிறது என்ற மூன்றில்தான் இருக்கிறது. நான் தேகு நகரத்தில் ஒரு வருடம் ஹாக்வொனிலும் (தனியார் டியூஷன் நிலையத்துக்கு அங்கே அதுதான் பெயர்), அப்புறம் இரண்டு வருடம் அரசுத் தொடக்கப் பள்ளியிலும் வேலை பார்த்தேன். அந்த முதல் வருடத்தில் தெரியாமல் பட்ட பாட்டை இன்னொருவர் படக்கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் யார் போகலாம் என்பது. வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்குக் கொரியா தரும் ஈ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற 7 நாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்கானது. ஏதாவது ஒரு பாடத்தில் இளங்கலைப் பட்டம் வேண்டும். 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்தியா-கொரியா பொருளாதார ஒப்பந்தத்தின்படி, முறையான ஆசிரியர் தகுதி உள்ள இந்தியக் குடிமக்கள் பள்ளிகளில் துணை ஆசிரியராக வர வழி இருக்கிறது, ஆனால் அது குறுகலான வழி. ஆகவே இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் டொராண்டோ, லண்டன், சிட்னி, டர்பன் பக்கத்துத் தமிழர்களாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பட்டச் சான்றிதழுக்கும், குற்றப் பதிவு இல்லை என்று தேசிய அளவில் வாங்கும் சான்றுக்கும் அப்போஸ்தில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக உங்கள் அரசு தரும் சான்று) வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும், எனவே வேலை தேடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பார்கள். நம் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பதிலே போடாத ஹாக்வொன்கள் உண்டு. அது உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு இல்லை, அதற்காக மனம் உடைந்து விட்டுவிடாதீர்கள். குடியுரிமையையும் ஆங்கிலம் உங்கள் பள்ளி மொழி என்பதையும் விண்ணப்பத்தின் முதல் வரியில் போடுங்கள், புகைப்படத்தோடு ஒரு நிமிட வீடியோ சேர்த்து அனுப்புங்கள். அரசுப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களை எடுக்க 1995-ல் தொடங்கிய எபிக் என்ற அரசுத் திட்டத்தில் தேர்வு முறை எழுத்தில் இருக்கிறது, அதனால் அங்கேயும் கட்டாயம் விண்ணப்பியுங்கள்.

அரசுப் பள்ளி, ஹாக்வொன் இரண்டில் எது நல்லது? அரசுப் பள்ளி என்றால் காலை எட்டரையில் இருந்து நாலரை வரை, வாரத்துக்கு 22 வகுப்புகள், கூட ஒரு கொரிய ஆசிரியர், நல்ல விடுமுறை. ஹாக்வொன் என்றால் பெரும்பாலும் மதியம் ஆரம்பித்து இரவு ஒன்பது, பத்து வரை. மழலையர் பிரிவு இருந்தால் காலையிலேயே போக வேண்டும். ஊரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது ஹாக்வொனின் வசதி. என்னைக் கேட்டால் முதல் வருடத்துக்கு அரசுப் பள்ளியைத்தான் சொல்வேன்.

ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது

சம்பளம் பொதுவாக மாதம் 22 லட்சத்தில் இருந்து 27 லட்சம் வோன் (கொரிய நாணயம்) வரை, வீடு அவர்கள் செலவு. அந்த எண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், நான் அப்படித்தான் போட்டேன். நீங்கள் பார்க்க வேண்டியது தேசிய ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலைவாய்ப்புக் காப்பீடு, தொழில் விபத்துக் காப்பீடு ஆகியவை பற்றிய வரி. இவற்றைச் சேர்த்து 'நான்கு காப்பீடு' என்பார்கள். ஓய்வூதியத்திலும் மருத்துவத்திலும் பாதி உங்கள் சம்பளத்தில் இருந்து, பாதி முதலாளி கையில் இருந்து. அந்தப் பாதியைக் கட்ட மனமில்லாத சிலர் உங்களைச் சுயதொழில் செய்பவர் என்று பதிவு செய்து 3.3 சதவீதம் வரி மட்டும் பிடிப்பார்கள். கையில் வரும் காசு கொஞ்சம் கூடத் தெரியும், அதனால் நமக்குச் சந்தேகமே வராது. எனக்கு அப்படித்தான் நடந்தது, எட்டாவது மாதம் பல் வலிக்கு மருத்துவமனைக்குப் போனபோதுதான் என் பெயரில் காப்பீடே இல்லை என்று தெரிந்தது. தொழிலாளர் அமைச்சகத்தின் 1350 எண்ணுக்குப் பேசி, சம்பளச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் புகார் எழுதிக் கொடுத்த பிறகு பழைய பாக்கியைக் கட்டினார்கள். சம்பளச் சீட்டில் 3.3 என்ற எண்ணைப் பார்த்தால் முதல் மாதமே கேளுங்கள்.

அடுத்தது பணிக்கொடை. ஒரு வருடம் முடித்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும், வேலையை விட்ட 14 நாளுக்குள். இது சட்டம், முதலாளியின் தயவு இல்லை. 11 மாத ஒப்பந்தம் நீட்டினால் எதற்காக என்று இப்போது உங்களுக்குப் புரியும். 'வகுப்பு நேரம்' எத்தனை, 'இருக்க வேண்டிய நேரம்' எத்தனை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இப்போது அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், பேச விட மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

இடையில் வேலை மாற வேண்டுமானால் முதலாளியின் விடுவிப்புக் கடிதம் தேவைப்படும். வெளியே தனியாக டியூஷன் எடுக்க ஈ-2-வில் அனுமதி கிடையாது. பிள்ளைகளின் அம்மாக்கள் அன்பாகக் கேட்பார்கள், நல்ல காசும் தருவார்கள், ஆனால் மாட்டினால் அபராதம், நாட்டை விட்டே அனுப்பவும் செய்வார்கள்.

அட்டையும் பெயரும்

இறங்கிய 90 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிவு செய்து குடியிருப்பு அட்டை வாங்க வேண்டும். இதில் 90 நாள் என்பதை மறந்துவிட்டு முதல் வாரமே ஹைகொரியா இணையதளத்தில் நேரம் பதிவு செய்யுங்கள், பெரிய ஊர்களில் இடம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். மருத்துவப் பரிசோதனையை (போதைப்பொருள் சோதனையும் அதில் அடக்கம்) அதற்கு முன்பே முடிக்க வேண்டும். பள்ளியில் பார்த்துக்கொள்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகம் என்றால் 1345, குடிவரவுத் துறையின் உதவி எண், ஆங்கிலத்திலும் பேசுவார்கள்.

அட்டை இல்லாத வரை மாதாந்திர போன் இணைப்பு கிடைக்காது, போன் இல்லாமல் இணையத்தில் ஆள் சரிபார்ப்பு நடக்காது, அது நடக்காமல் கூபாங் என்ற இணையக் கடையில் ஒரு குடம்கூட வாங்க முடியாது. எல்லாம் ஒன்றில் ஒன்று மாட்டியிருக்கிறது. நம் பெயர் சிக்கலாவதும் இங்கேதான். கொரியர்களின் பெயர் பெரும்பாலும் மூன்றே அசை. நம் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்து இருபது இருபத்தைந்து எழுத்து வரும், அட்டையில் முதலில் குடும்பப் பெயர் அச்சாகும். வங்கிக்காரர் இடைவெளி விடாமல் சேர்த்து எழுதுவார், போன் கடைக்காரர் கட்டத்தில் இடம் போதவில்லை என்று கடைசி நான்கு எழுத்தை விட்டுவிடுவார். மூன்றும் எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி ஒன்றாக இல்லாவிட்டால் கணினி உங்களை நீங்கள்தான் என்று ஏற்காது. என்னுடையது இரண்டு விதமாகப் பதிவாகி, சரிசெய்ய மூன்று மாதம் அலைந்தேன். ஆகவே வங்கியிலும் போன் கடையிலும் எழுந்திருப்பதற்கு முன்பே திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.

ஹாக்வொனில் முதல் சம்பளம் பெரும்பாலும் அடுத்த மாதம் 10-ம் தேதி வாக்கில்தான் வரும். ஆறு வாரத்துக்கான காசு, 10 முதல் 15 லட்சம் வோன், கையோடு கொண்டு போங்கள்.

வீடு, குப்பை, சாப்பாடு

தருவது ஒற்றை அறை வீடு. கதவுக்குச் சாவி இல்லை, எண் பூட்டு. குளியலறையில் ஷவருக்குத் தனித் தடுப்பு இருக்காது. குளிர்காலத்துக்குத் தரையே சூடாகும் ஒண்டோல் முறை, அதன் சுகம் அனுபவித்தால்தான் தெரியும். ஆனால் எரிவாயு பில் ஏறும். அதற்காக வெளியூர் போகும்போது பாய்லரை முழுசாக அணைத்துவிடாதீர்கள், ஜனவரியில் குழாய் உறைந்துவிடும். 'வெளியே போகிறேன்' என்ற பொத்தான் ஒன்று இருக்கும், அதில் விட்டுவிட்டுப் போங்கள்.

குப்பைக்கு உங்கள் வட்டாரத்தின் பெயர் அச்சிட்ட பையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், 1995-ல் இருந்து அப்படித்தான். மூலைக் கடையிலேயே கிடைக்கும். சாப்பாட்டுக் கழிவு தனி. அதிலும் எலும்பு, முட்டை ஓடு, வெங்காயத் தோல் எல்லாம் சாப்பாட்டுக் கழிவில் சேராது, சாதாரணப் பையில் போட வேண்டும். ஒளிபுகும் பாட்டில்களில் லேபிளை உரித்துவிட்டுப் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி இதைப் பார்த்துத்தான் உங்களை எடைபோடுவார்.

சைவக்காரர்களுக்குத்தான் கஷ்டம். கறி இல்லாத சூப் என்று நினைப்பீர்கள், தண்ணீரே நெத்திலி கொதிக்கவைத்த தண்ணீர். கிம்ச்சியில் (முட்டைக்கோஸ் ஊறுகாய் மாதிரி) பெரும்பாலும் மீன் சாறோ உப்பில் ஊறிய இறாலோ இருக்கும். பள்ளி மதிய உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் ஒவ்வாமை எண்கள் இருக்கும். 10 பன்றி, 15 கோழி, 16 மாடு. கொரியன் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்த மூன்று கறியையும் தவிர்க்க இந்த மூன்று எண் போதும், நான் முதல் நாளே அவற்றை மனப்பாடம் செய்துகொண்டேன். ஆனால் நெத்திலிக்கு எண் கிடையாது. கடையில் 'கொகி பே ஜுசேயோ' என்றால் கறி போடாதீர்கள் என்று அர்த்தம், பிபிம்பாப் (காய்கறி கலந்த சோறு) இப்படிக் கேட்டு வாங்கலாம். மசாலாவும் பருப்பும் தலைநகர் சோலில் இதேவோன் பக்கத்திலும், ஆன்சான் நகரத்து வெளிநாட்டவர் தெருவிலும் கிடைக்கும்.

வழி தேட கூகுள் வரைபடத்தை நம்ப வேண்டாம், நேவர் அல்லது காக்காவோ வரைபடம் போடுங்கள். பேருந்துக்கும் ரயிலுக்கும் டிமணி அட்டை. காய்ச்சல், சளிக்கெல்லாம் தெருவுக்குத் தெரு மருத்துவர் இருக்கிறார், காப்பீடு இருந்தால் செலவு மிகக் குறைவு.

மொழியும் வகுப்பும்

விமானத்திலேயே ஹங்குல் என்ற கொரிய எழுத்துகளைப் படித்துவிடுங்கள். தமிழ் தெரிந்தவருக்கு இது மற்ற ஆசிரியர்களைவிட எளிது, முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. சொல்லின் முதலில் வரும்போது அழுத்தமாகவும் உயிர்களுக்கு நடுவில் மெலிந்தும் ஒலிக்கும் ஒரே எழுத்து என்பது ஆங்கிலேயருக்குக் குழப்பம். 'கடல்', 'பகல்' இரண்டிலும் ஒரே 'க' எழுதும் நமக்கு அது பிறவிப் பழக்கம். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 1886-ல் அரசரின் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க வந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், 1905-ல் கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. இருந்தாலும் ஏழு வயதுப் பிள்ளை கீழே விழுந்து 'ஒம்மா!' என்று அழும்போதும், வாசலில் 'அப்பா!' என்று ஓடும்போதும் நமக்கு ஏற்படும் சிலிர்ப்பு நிஜம்.

வகுப்பில் உங்களுக்கு ஒரு சின்னப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு அசை போதும். யாருடைய பெயரையும் சிவப்பு மையில் எழுதாதீர்கள், அது சாவோடு சேர்ந்த பழக்கம், பிள்ளைகள் பதறிப்போவார்கள். யார் முதலில், யார் கடைசியில் என்ற எந்தச் சண்டைக்கும் 'காவி பாவி போ' போடச் சொல்லுங்கள் (கல், காகிதம், கத்தரிதான்), தோற்ற பிள்ளை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். எஃப் ஒலி கொரியனில் இல்லை, 'ப' ஆகிவிடும். மேல் பல்லைக் கீழ் உதட்டில் வைத்துக் காட்டினால்தான் வரும், வாயால் விளக்கினால் வராது. மாலை வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைத் திட்டாதீர்கள். பள்ளி முடித்து, கணக்கு ஹாக்வொன் முடித்து, மூன்றாவதாக உங்களிடம் வந்திருக்கும் பிள்ளை அது. நவம்பரில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில், ஆங்கிலம் கேட்டு எழுதும் நேரத்தில் நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்திவைக்கிறார்கள். அந்தப் பாரம் அந்தச் சின்ன முதுகில் இப்போதே இருக்கிறது.

நாளைக்குப் பெற்றோர் பார்க்கும் திறந்த வகுப்பு என்று இன்று மாலை சொல்வார்கள். மூன்றாம் பாடம் இரண்டாம் பாடத்தோடு இடம் மாறியிருக்கும், உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களை ஒதுக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பல சமயம் கூட இருக்கும் ஆசிரியருக்கே அப்போதுதான் தெரியும். எந்த வகுப்புக்கும் பொருந்தும் இரண்டு விளையாட்டுகளை மேசையில் தயாராக வைத்திருங்கள். பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையால் கொடுங்கள், வாங்குங்கள். சக ஆசிரியர்களின் இரவு விருந்துக்கு முதல் தடவையாவது போங்கள். குடிக்காவிட்டால் சைடர் என்ற சோடாவை ஊற்றிக்கொண்டு உட்காரலாம், பெரியவர் கிண்ணத்தில் நீங்கள் இரண்டு கையால் ஊற்றினாலே மனம் குளிர்ந்துவிடுவார்கள்.

கிளம்பும்போது கடைசி மாதத்துக் கரண்ட், எரிவாயு பில்லை நீங்களே கட்டி ரசீது வாங்குங்கள், பிறகு பிடித்தம் என்று சொல்ல இடம் இருக்காது. அமெரிக்க, கனடிய, ஆஸ்திரேலியக் குடிமக்கள் கட்டிய ஓய்வூதியத்தை மொத்தமாகத் திரும்பப் பெறலாம், முதலாளி கட்டிய பாதியும் சேர்த்து. விமான டிக்கெட்டோடு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பியுங்கள். பணிக்கொடை வந்து சேரும் வரை கொரிய வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.