மழைக்கு முன் முடிக்க வேண்டிய மண்பாண்ட வேலை

காவிரிப் படுகையில் மண்பாண்டம் செய்து விற்க முன்வருவோர் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியைத்தான். அகல் விளக்கு விற்கும் கார்த்திகை அடைமழைக் காலம்; அதற்கு அடுத்து வரும் பொங்கலுக்கும் பானைகள் முன்கூட்டியே தயாராக வேண்டும். மழை நாளில் ஈரப் பானை உலராது, சூளையும் ஒழுங்காக எரியாது. ஆகவே, மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன், குளங்கள் வற்றிக் கிடக்கும்போதே வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று, ஆண்டுக்குத் தேவையான மண்ணை எடுத்துச் சேர்த்துவிட வேண்டும்.

நம் களிமண் காயும்போது மிகவும் சுருங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்த வயலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நுண்மணல் சேர்த்தால் விரிசல் குறையும், ஆனால் அளவு குளத்துக்குக் குளம் மாறும். எனவே மூன்று விதக் கலவையில் சிறு தட்டுகள் செய்து, ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. கோடு கீறி, உலர்ந்தபின் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

எதில் அவசரப்பட்டாலும் மண்ணை அரிப்பதில் அவசரப்படக் கூடாது. குளத்து மண்ணில் கிடக்கும் நத்தை ஓடும் சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கல்லும் சூளையில் வெந்து சுண்ணாம்பாகி, பின்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். விற்ற பானை, வாங்கியவர் வீட்டில் பொரிந்து உதிரும். மண்ணை நீரில் கரைத்து வடிகட்டுவதே இதற்கு வழி.

சக்கரத்திலிருந்து அடி திறந்தபடி எடுத்த பானையை, பாதி உலர்ந்ததும் உள்ளே கல்லை அணைகொடுத்துத் தட்டுப்பலகையால் தட்டி மூடி, நிழலில் காய வையுங்கள். சூளையில் முதலில் சிறு தீ போதும். ஈரம் முழுவதும் ஆவியாகுமுன் தீயைக் கூட்டினால் பானை வெடிக்கும். தீ அணைந்தபின் மறுநாள் வரை சூளையைப் பிரிக்க வேண்டாம். தனிச் சூளை கட்டுவதைவிட, உள்ளூர்த் தொழிலாளர் குடும்பத்தின் சூளையில் கூலி கொடுத்து இடம் கேட்பதே தொடக்கத்தில் நல்லது. தீயின் பக்குவத்தையும் அவர்களிடமே கற்கலாம்.

விலை வைக்கும்போது உடைசலையும் கணக்கிடுங்கள்: 100 பானை சுட்டு 85 தேறினால், மொத்தச் செலவை 85-ஆல்தான் வகுக்க வேண்டும். தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையத்தில் கைவினைக் கண்காட்சி நடக்கும் நாட்களை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு வைக்குமுன் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென ஒலிக்காதது விரிசலுள்ளது. சமையல் சட்டிக்கு வண்ணம் பூசாதீர்கள். வாங்குபவரிடம், அரிசி கழுவிய நீரை ஊற்றி ஓரிரு நாள் ஊறவைத்த பிறகே அடுப்பில் ஏற்றச் சொல்லி, வைக்கோல் சுற்றிக் கொடுங்கள்.