அவசரகாலத் திட்டம்: நெல்லை வணிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாமிரபரணிக் கரையிலிருந்து தள்ளி இருக்கும் கடைக்கு வெள்ளம் வராது என்று கருதுவதே முதல் தவறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெருமழை பெய்தபோது, காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. அத்தகைய மழையில் அணைத் தண்ணீர் வந்து சேரும் முன்பே குளமும் ஓடையும் ஊருக்குள் புகுந்துவிடும். ஆகவே, ஆறு எவ்வளவு தூரம் என்பதோடு நிறுத்தாமல், கடைக்கு மேல்புறம் எந்தக் குளம் இருக்கிறது, அதன் மறுகால் (குளம் நிரம்பி வழியும் நீர் செல்லும் ஓடை) எந்த வழியாகப் போகிறது, அந்த வழியில் இப்போது என்ன கட்டியிருக்கிறார்கள் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆபத்து வேலை நேரத்தில்தான் வரும் என்று எண்ணித் திட்டமிடுவது அடுத்த தவறு. அந்த 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பூட்டிக் கிடக்கும் கடையின் சாவி முதலாளியிடம் மட்டுமே இருந்து, அவரும் வெளியூர் போயிருந்தால், எழுதி வைத்த திட்டத்தால் பயனில்லை. கடைக்கு அருகில் குடியிருக்கும் இருவரிடம் மாற்றுச் சாவியையும், எதை முதலில் மேலே ஏற்ற வேண்டும் என்ற பட்டியலையும் கொடுத்து வைக்கலாம். ஆனால் தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகு சரக்கை மீட்க எவரையும் அனுப்பக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணும் அதில் இருக்கட்டும்.

ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டர் பேட்டரிகளையும் தரைத்தளத்தில் வைப்பதும், கணக்குகளின் நகல் எடுத்த ஹார்டு டிஸ்கை அதே கணினி மேசையின் இழுப்பறையிலேயே போட்டு வைப்பதும் எங்கும் காணக்கூடிய தவறுகள். ஜெனரேட்டரை மேலே ஏற்றுகிறேன் என்று மூடிய அறைக்குள் ஓட்டுவது இன்னும் மோசம். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

காப்பீட்டு விஷயத்தில் சற்று நிதானம் தேவை. கடன் கொடுத்த வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி இருக்கிறதே என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அதில் வெள்ளச் சேதம் அடங்குகிறதா, தனியாக வாடகைக்கு எடுத்த குடோனின் முகவரி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். பொங்கலுக்காகச் சரக்கு குவியும் மார்கழியில்தான் வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் கட்டமும் வருகிறது. 20 லட்சம் ரூபாய்ச் சரக்கை 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவருக்கு 4 லட்சம் சேதமானால், குறைகாப்பீட்டு விதிப்படி (சரக்கு மதிப்பில் எத்தனை பங்குக்குக் காப்பீடோ, சேதத்திலும் அத்தனை பங்குக்கே இழப்பீடு) 2 லட்சமே கிடைக்கக்கூடும்.

வெள்ளம் வடிந்ததும் அவசரப்பட்டுக் கடையைக் கழுவிவிடுவதும் தவறே. சுவரில் தண்ணீர் நின்ற அளவையும் நனைந்த சரக்கையும் முதலில் படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தெரிவித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை சேதமான பொருள்களை ஒதுக்கி வைக்க வேண்டும். எலக்ட்ரீசியன் வயரிங்கைச் சோதித்துச் சொல்லாமல் மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது.