வாரத் தொகுப்பு போடுவது எப்படி: புதுப் பாட்டு, படம், விசித்திர இணையதளம், எல்லாம் ஞாயிறு காலைக்குள்

வட்ஸ்அப் குழுவில் லிங்க் போட ஆளுக்குப் பஞ்சமில்லை. வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, எந்தக் குடும்பக் குழுவைத் திறந்தாலும் ஒரு சொல்கூட எழுதாமல் போட்ட ஐந்தாறு யூடியூப் லிங்க் கிடக்கும். அவற்றை யாரும் திறப்பதில்லை. ஏன் திறக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் அதே லிங்கை ஆட்கள் திறக்கிறார்கள். அந்த வாரம் கண்ட நல்ல லிங்குகளை ஒரு வரிக் குறிப்போடு ஒரே வலைப்பதிவில் அடுக்குவதுதான் வாரத் தொகுப்பு. அதில் உழைப்பு அந்த ஒரு வரிக்கும், அதைப் பிழையில்லாமல் எழுதத் தேவையான சரிபார்ப்புக்கும்தான் போகிறது. கணினி தேவையில்லை, ஒரு போனும் நாளுக்கு 20 நிமிடமும் சனி இரவு இரண்டு மணித்தியாலமும் இருந்தால் போதும்.

படி 1: அளவையும் நாளையும் முதலில் முடிவு செய்யுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாரம் 40 லிங்க் போட்டு, மூன்றாம் வாரம் களைத்துப்போய் நிறுத்திவிடுவார்கள். 12 போதும். பாட்டு 4, படமும் தொடரும் சேர்த்து 3, இணைய விசித்திரம் 3, கொழும்பில் அந்த வாரம் நடக்கிற நிகழ்ச்சி 1, பழைய பொருள் 1. ஒரு வாரம் நல்ல பாட்டு இரண்டுதான் கிடைத்ததென்றால் இரண்டோடு விடுங்கள். எண்ணிக்கையை நிரப்ப மூன்றாம் தரப் பாட்டைச் சேர்த்தால் அடுத்த வாரம் உங்கள் நாலு பாட்டையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வெளியிட ஞாயிறு காலை 8 மணி நல்லது. உலக அளவில் புதுப் பாட்டுக்கும் அல்பத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் நாள். 2015 ஜூலை 10இலிருந்து இதுதான் வழக்கம். அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று நாட்டுக்கொரு நாள் இருந்தது. வெள்ளி காலையிலேயே தொகுப்பைப் போட்டால் அன்று வந்ததைக் கேட்காமலே எழுத வேண்டி வரும். சனி முழுக்கக் கேட்க நேரம் விடுங்கள்.

தமிழ்ப் படப் பாட்டு வெள்ளிக்குக் காத்திருக்காது, வாரத்தில் எந்த நாளும் வரும். ஆனால் சென்னைக்கும் கொழும்புக்கும் மணி ஒன்றுதான், கணக்குப் போடத் தேவையில்லை. கணக்கு வேண்டியது புலம்பெயர் கலைஞர்களுக்கு. லண்டன் நமக்குக் கோடையில் நாலரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் பின்னால். டொரன்டோ கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. டொரன்டோ ராப் பாடகர் ஒருவர் கோடையில் சனி இரவு 8 மணிக்கு வீடியோ விட்டால் இங்கே ஞாயிறு காலை 5.30. அது அடுத்த வாரக் கணக்கில் சேரட்டும். அரைத்தூக்கத்தில் கேட்டு எழுதாதீர்கள்.

படி 2: தாள் ஒன்று, ஃபீட் ரீடர் ஒன்று

கூகுள் ஷீட்ஸில் ஆறு நிரல்: கண்ட திகதி, லிங்க், வகை, செய்தவர் யார், மூலத்தைப் பார்த்தேனா, ஒரு வரி. ஐந்தாவது நிரல் வெறுமையாக இருக்கிற எதுவும் தொகுப்புக்குள் போகக்கூடாது.

ஃபீட் ரீடர் என்பது நீங்கள் தெரிந்தெடுத்த தளங்களிலும் சனல்களிலும் புதிதாக வருகிறவற்றின் பட்டியலை (அதுதான் ஃபீட்) ஒரே இடத்தில் காட்டுகிற செயலி. ஃபீட்லி, இனோரீடர் இரண்டில் ஒன்று. யூடியூப் சனலின் முகவரியை ஒட்டினால் அதுவே ஃபீடைக் கண்டுபிடித்துக்கொள்ளும். தொடக்கத்தில் 40 சனல் போதும்: இசை நிறுவனங்கள் 8, இலங்கைக் கலைஞர்கள் 15, புலம்பெயர் கலைஞர்கள் 10, மற்ற மொழி 7. யூடியூப் ஃபீடில் கடைசி 15 வீடியோதான் இருக்கும். பெரிய இசை நிறுவனச் சனல் ஒரே நாளில் அதைவிடக் கூடுதலாக ஷோர்ட்ஸ் ஏற்றினால், நடுவில் வந்த முக்கியமான பாட்டு ஃபீடிலிருந்து விழுந்துவிடலாம். அப்படிப்பட்ட சனல்களை மட்டும் வெள்ளி இரவு நேரே போய்ப் பாருங்கள்.

யூடியூப் ‘ட்ரெண்டிங்’ பக்கத்தை நம்பி யாராவது எழுதிய பழைய வழிகாட்டியைப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள்; அந்தப் பக்கத்தை 2025இல் எடுத்துவிட்டார்கள். நெட்ஃபிளிக்ஸ் வாராந்த முதல் பத்துப் பட்டியல் செவ்வாய்தோறும் வருகிறது, இலங்கைக்கும் தனிப்பட்டியல் உண்டு. புதன் காலை பார்த்தால் சரி. உலகப் பட்டியலில் ‘வியூஸ்’ என்று போட்டிருப்பது தலை எண்ணிக்கை அல்ல. மொத்தம் பார்த்த மணித்தியாலத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்த எண். ‘இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள்’ என்று எழுதினால் பிழை. நாட்டுப் பட்டியலில் இடம் மட்டும்தான் இருக்கும், எண் இருக்காது.

படி 3: ஒரே பாட்டை நாலு தடவை எண்ணாதீர்கள்

தமிழ் சினிமா ஒரு பாட்டை ஒரே தடவையில் தருவதில்லை. முதலில் அரை நிமிட ப்ரோமோ, பிறகு வரிகள் திரையில் ஓடுகிற லிரிகல் வீடியோ, பட வெளியீட்டோடு எல்லாப் பாட்டும் ஒன்றாக வருகிற ஜூக்பாக்ஸ், படம் ஓடி முடிந்தபின் முழு வீடியோ. நாலுக்கும் நாலு லிங்க், நாலு திகதி. பாட்டு முழுமையாகக் காதில் விழுகிற முதல் நாளை, அதாவது லிரிகல் வந்த நாளை, வெளியீட்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். முழு வீடியோ வரும்போது நடனமோ படமாக்கிய இடமோ பேசத்தக்கதாக இருந்தால் மட்டும் மறுபடி சேர்க்கலாம். ப்ரோமோவை ஒருபோதும் சேர்க்க வேண்டாம், அது விளம்பரம்.

‘24 மணித்தியாலத்தில் இத்தனை மில்லியன்’ என்ற போஸ்டரையும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். காசு கொடுத்து ஓட்டிய விளம்பரம் வழியாக வந்த பார்வைகளும் வீடியோவுக்குக் கீழே தெரிகிற எண்ணில் சேரலாம். அதனால்தான் யூடியூப் 2019இலிருந்து தன் இசைத் தரவரிசையிலும் 24 மணிச் சாதனையிலும் விளம்பரப் பார்வையைக் கழித்துவிடுகிறது.

படி 4: மூலம் யாருடையது

எல்லாவற்றிலும் கூடுதல் நேரம் கேட்கிற படி இது, சறுக்குவதும் இங்கேதான்.

2021இல் ‘மெனிகே மகே ஹிதே’ இந்தியா முழுக்க ஓடியபோது பலர் அதை யோஹானியின் பாட்டு என்றே எழுதினார்கள். யோஹானி பாடி அந்த ஆண்டு மே மாதம் வந்தது கவர் வடிவம். மூலப் பாட்டை 2020இலேயே சதீஷன் ரத்நாயக்க வெளியிட்டுவிட்டார். இசை சமத் சங்கீத். கவரிலும் சதீஷன் கூடப் பாடியிருக்கிறார். இப்படிப்பட்ட விவரம் பெரும்பாலும் வீடியோவுக்குக் கீழே உள்ள விவரக் குறிப்பில் இருக்கும். ‘மோர்’ என்பதை ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் விவரக் குறிப்பைத் திறந்து பாடியவர், இசை, வரிகள் மூன்றையும் தாளில் எழுதுங்கள். ‘கவர்’, ‘ரீபிரைஸ்’, ‘ரீமிக்ஸ்’ என்ற சொல் கண்ணில் பட்டால் மூலத்தைத் தேடி, அதன் லிங்கையும் பக்கத்தில் போடுங்கள். பழைய பொப்பிசைப் பாட்டையும் பைலாவையும் இப்போது நிறையப் பேர் புதுத் தாளத்தில் போடுகிறார்கள். அங்கே மூலப் பாடகரின் பெயரை விட்டுவிட்டால் முதல் ஆளாகத் திட்டி எழுதுவது வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைதான், நியாயமும்கூட.

நிழற்படங்களுக்கு, படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று தேடித்தருகிற டின்ஐ, கூகுள் லென்ஸ் இரண்டும் வேண்டும். டின்ஐயில் ‘பழையது முதலில்’ என்று வரிசைப்படுத்தினால் அந்தப் படத்தை அது முதன்முதலாகக் கண்ட நாள் தெரியும். ‘நேற்றைய காலி முகத்திடல்’ என்று வருகிற படம் எட்டு வருடப் பழசு என்று அப்படித்தான் பிடிபடும். இணையதளத்தின் வயதுக்கு, பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கிற வேபேக் மெஷினில் முகவரியைப் போட்டு முதல் பதிவைப் பாருங்கள். பழசாக இருந்தால் தள்ள வேண்டியதில்லை, எந்த வருடம் என்று சொல்லிவிட்டால் சரி.

படி 5: விசித்திரங்களைத் தேடுவதும் சோதிப்பதும்

தேட நல்ல இடங்கள்: ஆட்கள் நல்ல லிங்குகளைப் பகிர்கிற, 1999இலிருந்து ஓடுகிற மெட்டாஃபில்டர், தொழில்நுட்பத் தளமான ஹேக்கர் நியூஸில் ஆட்கள் தாங்கள் செய்ததைக் காட்டுகிற பகுதி, நீல்.ஃபன் போன்ற ஒற்றை ஆள் விளையாட்டுத் தளங்கள். பழைய பொருளுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. ஈழத்துச் சஞ்சிகைகள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கிடக்கின்றன. கட்டுரையை விட்டுவிட்டு விளம்பரங்களைப் பாருங்கள். பழைய சவர்க்கார விளம்பரம் ஒன்று போதும், அந்த வாரம் ‘பழைய பொருள்’ முடிந்தது.

கண்டதைச் சோதிக்க மலிவான அன்ட்ராய்ட் போன், மொபைல் டேட்டா, மறைநிலைத் தாவல் (இன்கொக்னிட்டோ) மூன்றும் வேண்டும். பத்து வினாடிக்குள் திறக்க வேண்டும். லொகின் கேட்டால் வேண்டாம். திறந்தவுடன் சத்தம் போட்டால் எழுதிவிடுங்கள். ஒபிஸில் இருந்து திறப்பவர் நன்றி சொல்வார்.

படி 6: அந்த ஒரு வரி

சாதாரணமாக எழுதுவது: ‘சூப்பரான தளம், கட்டாயம் பாருங்கள்!’ இதில் ஒரு தகவலும் இல்லை. அதே தளத்துக்கு இப்படி எழுதலாம்:

‘ரேடியோ கார்டன்: பூமி உருண்டையை விரலால் சுழற்றுங்கள். பச்சைப் புள்ளி ஒவ்வொன்றும் ஓர் ஊர். புள்ளியை வட்டத்துக்குள் கொண்டுவந்தால் அந்த ஊர் வானொலியில் இப்போது போவது கேட்கும். 2016இல் வந்தது, இன்னும் ஓடுகிறது. டேட்டா குறைவென்றால் வைஃபையில் கேளுங்கள்.’

பெயர், கை என்ன செய்ய வேண்டும், என்ன கிடைக்கும், வயது, எச்சரிக்கை. 25 முதல் 35 சொல். பாட்டுக்கு இதோடு நீளமும், எங்கே காது கொடுக்க வேண்டும் என்பதும் சேரும்: ‘3.50 நிமிடம், 1.40இல் நாதஸ்வரம் நுழைகிற இடத்துக்காகவே கேட்கலாம்.’ ‘மனதை வருடும்’, ‘பட்டையைக் கிளப்பும்’ இரண்டையும் தடை செய்துவிடுங்கள்.

கொழும்பு நிகழ்ச்சிக்குத் திகதி, கிழமை, மணி, மண்டபம், கட்டணம் எத்தனை ரூபா, டிக்கெட் எங்கே என்ற ஆறும் வேண்டும். கொழும்புத் தமிழ்ச் சங்கமோ நெலும் பொக்குணவோ லயனல் வெண்ட்டோ, சனிக்கிழமை ஒரு தடவை போன் போட்டு உறுதி செய்யுங்கள். முகநூல் போஸ்டர் தள்ளிவைத்த பிறகும் பகிரப்பட்டுக்கொண்டே இருக்கும். திகதி பௌர்ணமியில் விழுந்தால் இரண்டு தடவை கேளுங்கள். போயா நாளில் பொதுவாக இசைக் கொண்டாட்டம் வைப்பதில்லை, போஸ்டரிலேயே திகதி பிழையாக இருக்கலாம்.

படி 7: எழுத்துருவும் லிங்கும்

ஏற்பாட்டாளர்கள் அனுப்புகிற அறிவித்தல் பல தடவை பாமினியில் இருக்கும். ஒட்டியவுடன் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். காரணம், பாமினி ஆங்கில எழுத்துக்குமேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. இணையத்தில் இலவச மாற்றி நிறைய உண்டு. யூனிகோடாக்கியபின் நடுவில் வருகிற ஆங்கிலப் பெயரையும் அடைப்புக்குறிகளையும் வடிவாகப் பாருங்கள், சிதைவது அவைதான்.

பதிவின் முகவரியைத் தமிழில் வைக்காதீர்கள். வட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘கொழும்பு’ என்ற ஒரு சொல்லுக்குள் கணினிக் கணக்கில் எட்டுக் குறி, ஆக 72 எழுத்து வால். ஆங்கில எழுத்தில் ‘vaaram-12’ மாதிரிச் சின்னதாக வையுங்கள்.

லிங்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்குவது பெரும்பாலும் யார் பகிர்ந்தார்கள் என்று கண்காணிக்கிற வால், வெட்டலாம். ஆனால் யூடியூப்பின் நீள முகவரியில் வீடியோவின் அடையாளமே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதையும் வெட்டினால் லிங்க் முகப்புக்குப் போய்விடும். வெட்டியபின் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

வட்ஸ்அப் செய்தியில் முதல் லிங்குக்கு மட்டும்தான் படத்தோடு முன்னோட்டம் வரும். 12 லிங்கையும் ஒரே செய்தியில் அடுக்க வேண்டாம், தொகுப்பின் லிங்கை மட்டும் போடுங்கள். முகப்புப் படம் 1200க்கு 630 பிக்சல், 300 கேபிக்குள். மின்னஞ்சலிலும் அனுப்புவதென்றால் 102 கேபி தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிடும். தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு மூன்று பைட் என்பதால் ஆங்கிலத்தைவிடக் கெதியாக அந்த எல்லை வரும்.

படி 8: உரிமை

பாட்டை இறக்கி உங்கள் பக்கத்தில் ஏற்றாதீர்கள், கலைஞரின் சனலில் உள்ள வீடியோவையே எம்பெட் செய்யுங்கள், அதாவது அங்கிருந்தே ஓடும்படி உங்கள் பக்கத்தில் பொருத்துங்கள். முழு வரிகளையும் தட்டச்சு செய்து போடுவதும் பிரதி எடுப்பதுதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் விமர்சனம் போன்ற தேவைக்கு நியாயமான பயன்பாடு என்ற இடம் உண்டு, பேசுகிற இரண்டு வரியை எடுத்துக்காட்ட அது உதவும். பழசு என்பதற்காக இலவசம் என்று நினைக்க வேண்டாம். படைத்தவர் இறந்தபின்னும் 70 ஆண்டு உரிமை இருக்கும்.

படி 9: அனுப்புவதும் அதன் பிறகும்

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வட்ஸ்அப் பிரோட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம், அதிலும் உங்கள் இலக்கத்தைச் சேமித்திருப்பவருக்கு மட்டுமே போகும். ‘எனக்கு வரவில்லை’ என்று யாராவது சொன்னால் பத்துக்கு ஒன்பது தடவை இதுதான் காரணம். ஐம்பது பேர் தாண்டியதும் வட்ஸ்அப் சனலுக்கு மாறுங்கள், வாசகர்களின் இலக்கம் ஒருவருக்கொருவர் தெரியாது.

பிழை வந்தால் அழித்துவிட்டு மௌனமாக இருக்காமல் அதே பதிவின் மேலே திருத்தம் என்று எழுதுங்கள். 12 லிங்கையும் அன்றே வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள், ஆறு மாதத்தில் சிலது செத்திருக்கும். திங்கள் காலை எந்த லிங்க் கூடுதலாகத் திறக்கப்பட்டது என்று பார்த்துத் தாளில் குறியுங்கள். பிறகு புதுத் தாள் ஒன்றைத் திறந்து, ஞாயிறு 5.30க்கு வந்த அந்த டொரன்டோப் பாட்டை முதல் வரியில் போட்டு, ஐந்தாவது நிரலை வெறுமையாக விடுங்கள்.